சம்பளமில்லாத பத்து நாள்

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி எட்டரை மணி. அக்கா மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அவன் இருக்கும் ஊரில் அப்போது காலை பத்து. வழக்கமாக அவன் பேசுவது அவன் அம்மாவோடுதான். என்னைத் தனியாகக் கூப்பிட்டால் ஏதோ காகித விஷயம் என்று அர்த்தம்.

"மாமா, கம்பெனியில இருந்து இருநூறு டாலருக்கு ஒரு கிஃப்ட் கார்டு அனுப்பியிருக்காங்க. இன்டர்நெட் செலவுக்குன்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமுங்களா?"

"எந்தக் கம்பெனிடா?"

"இன்டர்ன்ஷிப் போறேன்ல மாமா. ரெண்டு வாரமாச்சு."

"சிபிடி வாங்கிட்டியா?" அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் வெளியே வேலை செய்ய வாங்க வேண்டிய அனுமதி அது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சம்பளம் இல்லீங்களே மாமா. சம்பளம் இல்லைன்னா அதெல்லாம் வேண்டாம்னு சொன்னாங்க."

யார் சொன்னது என்று கேட்டேன். சீனியர் ஒருவர், மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப், அப்புறம் அந்தக் கம்பெனியின் முதலாளி. மூன்று இடத்திலும் ஒரே பதில் வந்ததால் அதுதான் சரி என்று நம்பிவிட்டான். யாரையும் ஏமாற்ற அவன் நினைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், அவன் சம்மதத்தோடு. அவன் படித்த பல்கலைக்கழகம், அந்தக் கம்பெனி, கவுண்டி (அங்கே மாவட்டம் மாதிரி) எதையும் பெயர் சொல்லவில்லை.

நான் வக்கீல் கிடையாது. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரசுச் சேவைகளுக்கான ஓர் அக்ஷயா மையம் நடத்துகிறேன். பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, மொழிச் சிறுபான்மைச் சான்று, கல்விக் கடன் விண்ணப்பம் என்று நாள் முழுக்கப் படிவங்களோடுதான் வாழ்க்கை. மலையாளத்தில் வரும் படிவத்தைத் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்குவது பாதி வேலை. வெளிநாடு போகும் பிள்ளைகளின் காகிதங்களும் என் மேசைக்கு வரும். பிரிட்டன், கனடா, ஜெர்மனி, அமெரிக்கா. அந்தப் பழக்கத்தில்தான் சிபிடி என்ற சொல் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இந்தப் பத்து நாள் பிரச்சினை வந்தபிறகுதான் அதை அடிவரைக்கும் படித்தேன்.

நடந்தது என்ன

அவன் கோயம்புத்தூரில் பி.இ. முடித்து, 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் எம்.எஸ். சேர்ந்தான். விசா நேர்காணல் சென்னையில். வங்கிக் கடன் 32 லட்சம். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு ஈடு. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்தக் கணக்கில் அவனும் ஒருவன்.

முதல் ஆண்டு முடிந்து கோடை விடுமுறை வந்தால் எல்லாரும் இன்டர்ன்ஷிப் தேடுவார்கள். ரெஸ்யூமேயில் ஒரு கோடை வெறுமையாக இருந்தால் அடுத்த வருஷம் வேலை கிடைப்பது கஷ்டம் என்பது அங்கே பேச்சு. இவன் ஜனவரியிலிருந்தே விண்ணப்பம் போட்டான். ஏப்ரல் கடைசி வரை ஒன்றும் அமையவில்லை. அப்போதுதான் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி கூப்பிட்டது. உணவகங்களுக்கு டெலிவரி கணக்குப் பார்க்கும் மென்பொருள் விற்கிறவர்கள். பன்னிரண்டு வாரம், வாரம் 25 மணி நேரம், வீட்டிலிருந்தே வேலை, சம்பளம் இல்லை, முடிவில் சான்றிதழ். இவ்வளவுதான் மெயிலில் இருந்தது.

மே 13, திங்கட்கிழமை சேர்ந்தான். முதல் இரண்டு நாள் வீடியோ பார்க்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒரு பட்டியல் வந்தது. உணவகங்களின் மெனு விலைகளைச் சரிபார்ப்பது, தப்பான பதிவுகளைத் திருத்துவது, இரண்டு சின்ன பக்கங்களுக்கு நிரல் எழுதுவது. அவன் எழுதியது ஒரு வாரத்துக்குள் வாடிக்கையாளர் பார்க்கும் தளத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. அவனுக்கு ஒரே சந்தோஷம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். அக்கா அதை எனக்கும் காட்டியிருந்தாள். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கல்லூரி ப்ராஜெக்ட் என்று நினைத்துவிட்டேன்.

போனில் கேட்டபோது இன்னொன்றும் சொன்னான். அந்த மெனு வேலையை அதற்கு முன் ஒருவர் மணிக்கணக்கில் காசு வாங்கிச் செய்துகொண்டிருந்தாராம். ஏப்ரலில் அவருடைய ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை.

இந்த ஒரு வரியைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சம்பளமா, வேலையா

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி வேண்டும். படிக்கும் காலத்தில் அதற்கு முக்கியமான வழி சிபிடி, அதாவது பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்யும் பயிற்சி. இதைக் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ என்ற அதிகாரி. குடியேற்றத் துறைக்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை, தனி அட்டையும் வராது. பல்கலைக்கழகம் மாணவருக்குக் கொடுக்கும் ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் எந்த நிறுவனம், எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முழு நேரமா பகுதி நேரமா என்று அச்சாகி வரும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். முதல் நாள் வேலைக்கு முன்னாலேயே அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். பின்தேதியிட்டு வாங்க வழியே இல்லை.

இது காசு வாங்கும் வேலைக்குத்தானே என்று கேட்டால், அங்கேதான் சிக்கல். அமெரிக்கக் குடியேற்ற விதிகளில் பணியாளர் என்பவர் கூலிக்கோ வேறு பிரதிபலனுக்கோ உழைப்பைத் தருபவர். வேறு பிரதிபலன் என்ற அந்த இரண்டு வார்த்தை ரொம்பப் பெரிய வார்த்தை. தங்க இடம், சாப்பாடு, பயணச் செலவு, பின்னால் வேலை தருகிறேன் என்ற உறுதி, இருநூறு டாலர் கிஃப்ட் கார்டு எல்லாவற்றையும் அதற்குள் இழுத்து வாதம் செய்ய முடியும். காசு கைமாறவில்லை என்பதால் மட்டும் வெளியே நின்றுவிட முடியாது.

இதோடு தொழிலாளர் சட்டம் வேறு குறுக்கே வருகிறது. 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டப்படி, லாபத்துக்கு நடத்தும் நிறுவனத்தில் உழைக்கிறவருக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். கூட்டாட்சி அளவில் அது 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலர். பயிற்சிக்கு வந்தவர் பணியாளர்தானா என்ற வழக்கு பழையது. 1947இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் ரயில்வே யார்டில் பிரேக்மேன் வேலைக்குப் பழக வந்தவர்கள் ஏழெட்டு நாள் கூலியில்லாமல் பயிற்சி எடுத்தார்கள். பழைய ஆட்கள் கூடவே நின்று பார்த்துக்கொண்டார்கள், யாருடைய வேலையும் இவர்களுக்காகப் போகவில்லை, ரயில்வேக்கு இவர்களால் உடனடி ஆதாயமும் இல்லை. அதனால் அவர்கள் பணியாளர் இல்லை என்றது நீதிமன்றம். ஒலவக்கோடு யார்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வழக்கு படிக்கும்போதே கண்முன் வந்தது. பச்சைக்கொடி பிடிக்கப் பழகுகிறவனும், தனியாக நின்று வண்டியைப் பிரித்துவிடுகிறவனும் ஒன்றாக முடியாது.

2015இல் ஒரு திரைப்பட நிறுவனத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்த பயிற்சியாளர்கள் போட்ட வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இன்னும் விரித்தது. இந்த ஏற்பாட்டில் பெரிய ஆதாயம் யாருக்கு என்று பார்க்கச் சொன்னது. 2018 ஜனவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் அதே அளவுகோலுக்கு மாறியது. ஏழு கேள்விகள். எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் தீர்மானிக்காது.

அன்று ராத்திரி ஒரு நோட்டை எடுத்து அவனுடைய பத்து நாளை அந்த ஏழு கேள்வியோடு ஒட்டிப் பார்த்தேன். சம்பளம் எதிர்பார்க்கவில்லை என்பது இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது, அது சரி. முடிவில் வேலை தருவதாகவும் பேச்சில்லை. கோடை விடுமுறையில்தான் செய்தான், படிப்புக்கு இடைஞ்சலும் இல்லை. இவ்வளவுதான் அவன் பக்கம். படிப்போடு இதற்கு ஒரு தொடர்பும் இல்லை. பாடக் கிரெடிட் இல்லை, பேராசிரியருக்குத் தெரியாது. பயிற்சி என்று சொல்ல இரண்டு நாள் வீடியோதான். கற்றுக்கொள்ள வேண்டியதைப் பொறுத்துப் பன்னிரண்டு வாரம் வைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வேலைப் பட்டியலைப் பொறுத்து வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, காசு வாங்கிச் செய்துகொண்டிருந்த ஒருவரின் இடத்தில் இவனை உட்கார வைத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கின் முடிச்சு எங்கே என்றால், கம்பெனி அவனுக்குக் கூலி கொடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னால் அவன் பணியாளர். பணியாளர் என்றால் அனுமதியில்லாமல் வேலை செய்தவர். கம்பெனி கொடுக்காமல் விட்ட கூலி, இவனுடைய விசா மீறலாக மாறி நிற்கும். பத்து நாள், ஐம்பது மணி நேரம். குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் 362 டாலர் 50 சென்ட். அதைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தது ஒருவர். அதற்காக ஐ-20யையும் தோப்பையும் பணயம் வைத்தது இன்னொருவர்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா கேட்டாள்: "ஏன்டா தம்பி, அஞ்சு காசு வாங்காம செஞ்ச வேலைக்கு எதுக்குடா கேஸு?"

மச்சானுக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் தோப்பில் கள் இறக்குகிறார்கள். எங்கள் சித்தூர் தாலுகாவிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் வண்டி போகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் எக்சைஸ் பர்மிட் வேண்டும். "நம்ம வண்டிக்காரன் எர்ணாகுளத்துல இருக்கற மச்சினனுக்குச் சும்மா குடுக்கத்தான் கொண்டுபோறேன்னு சொன்னா விட்டுருவானா? பர்மிட் எங்கேன்னுதான் கேப்பான்" என்றார். வித்தாயா சும்மா கொடுத்தாயா என்ற கேள்வி அங்கே இரண்டாவதாகத்தான் வரும். சிபிடியும் அதே மாதிரிதான், ஒரு வண்டிக்கு வாங்கிய பர்மிட்டை இன்னொரு வண்டி காட்ட முடியாதது உட்பட. ஒரு கம்பெனிக்கு வாங்கிய சிபிடி அடுத்த கம்பெனிக்குச் செல்லாது.

சேவை என்று எதைச் சொல்லலாம்

அனுமதியே வேண்டாத சம்பளமில்லாத வேலை உண்டா என்றால், உண்டு. வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னது முழுப் பொய்யில்லை, பாதி உண்மை. அறக்கட்டளை, மத அமைப்பு, உணவு வங்கி, பேரிடர் நிவாரணம் மாதிரி இடங்களில், எப்போதும் யாருக்கும் காசு கொடுக்காத வேலையை, எந்தப் பிரதிபலனும் இல்லாமல் செய்தால் அது தன்னார்வச் சேவை. அதற்கு எஃப்-1 மாணவர் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

ஊர்த் திருவிழாவில் அன்னதானப் பந்தியில் இலை எடுக்கிறோம். யாரும் கூலி கேட்பதில்லை, யாரும் கொடுப்பதும் இல்லை. அடுத்த தெரு ஓட்டலில் போய் அதே இலையைக் காசில்லாமல் எடுத்தால் அதைச் சேவை என்று சொல்ல முடியுமா? அங்கே இலை எடுக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பது வழக்கம். இடமும் வழக்கமும் மாறினால் அதே கை செய்யும் அதே காரியம் வேலையாகிவிடுகிறது. லாபத்துக்கு நடக்கும் ஒரு கம்பெனியில் 'வாலன்டியர்' என்று ஒரு மாணவர் தன்னைச் சொல்லிக்கொண்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.

அமெரிக்காவில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் மாணவர் விசாவிலும் சம்பளமில்லாத வேலை, அனுமதித்த 20 மணி நேரக் கணக்கில் சேரும். ஜெர்மனியில் பாடத்திட்டம் கேட்காத இன்டர்ன்ஷிப்பைச் சம்பளமில்லாமல் செய்தாலும் வருஷத்துக்கான வேலை நாள் கணக்கில் கழிப்பார்கள்.

அந்த வாரம்

போனை வைப்பதற்கு முன் நான் அவனிடம் சொன்னது இரண்டுதான். கார்டைத் தொடாதே, நாளையிலிருந்து வேலை செய்யாதே. அவன் அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் போட்டான். மறுநாள் திங்கட்கிழமை அங்கே நினைவு தின விடுமுறை, பல்கலைக்கழகம் பூட்டியிருந்தது. அந்த ஒரு நாள் அவன் சாப்பிட்டானா என்றுகூடத் தெரியாது. மூன்று தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை, "டிக்கெட் போட்டு வந்துரட்டுமா மாமா" என்றான். வராதே என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று போனை வைத்தபிறகு யோசித்தேன். ஆனால் ஊருக்கு வந்தால் திரும்பிப் போகும்போது எல்லையில் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராக இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை முதலில் போக வேண்டியது டிஎஸ்ஓவிடமா, வக்கீலிடமா என்பதில் நாங்கள் தடுமாறினோம். டிஎஸ்ஓ மாணவருக்கு உதவுகிறவர், சந்தேகமில்லை. ஆனால் அவர் அரசின் செவிஸ் கணினிப் பதிவுக்கும் பொறுப்பானவர். மாணவர் விதிமீறினார் என்று தெரிந்தால் பதிவிட வேண்டிய கடமை அவருக்கு உண்டு. அவரிடம் சொல்வது ரகசியமாக இருக்காது. வக்கீலிடம் சொல்வது இருக்கும். வேலை தொடங்குவதற்கு முன்னால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிஎஸ்ஓவிடம் போகலாம், போகவும் வேண்டும். தொடங்கிவிட்டபிறகு சந்தேகம் வந்தால் முதலில் குடியேற்ற வக்கீல். 150 டாலர் கட்டி ஒரு மணி நேர ஆலோசனை வாங்கினோம். செலவழித்ததில் அதைப்போல உருப்படியான காசு வேறில்லை.

அந்த வக்கீல் அம்மாள் நேராகப் பேசினார். அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிட்டால் மாணவர் தகுதி போனதாகவே விதி பார்க்கும். தகுதி இழந்தவர்கள் ஐந்து மாதத்துக்குள் விண்ணப்பித்து மீட்டுக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஆனால் இழந்த காரணமே அனுமதியில்லாத வேலை என்றால் அந்தக் கதவு அடைத்துவிடும். பின்னால் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாறும்போதும், கிரீன் கார்டு விண்ணப்பத்திலும், புது விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்திலும் விதி மீறியதுண்டா என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் இவனுக்கு என்ன நிலைமை என்று சொன்னார். பத்து நாள்தான், பிரதிபலன் எதுவும் கைக்கு வந்து சேரவில்லை, தெரிந்தவுடன் நிறுத்திவிட்டான். இது வேலையே இல்லை என்று வாதம் செய்ய இடமிருக்கிறது, எதிர்வாதத்துக்கும் இடமிருக்கிறது. சுத்தம் என்று சான்றிதழ் தர மாட்டேன் என்றார். செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னார். கார்டை எழுத்து மூலம் திருப்பி அனுப்பு. சேர்ந்த தேதி, நிறுத்திய தேதி, செய்த வேலை எல்லாம் ஒரு தாளில் உள்ளபடி எழுதிவை. எதையும் அழிக்காதே.

அந்த 'அழிக்காதே' முக்கியம். பயந்துபோய் லிங்க்ட்இன் பக்கத்தில் அந்தக் கம்பெனி பெயரை எடுத்துவிட அவன் ஏற்கெனவே கை வைத்திருந்தான். சேர்ந்த முதல் நாளே படம் போட்டு அறிவித்திருந்தான், நூற்றுச் சொச்சம் பேர் வாழ்த்தியிருந்தார்கள். தேதியை உள்ளபடி வைக்கச் சொன்னார் வக்கீல். மறைத்தது என்று பின்னால் ஆகிவிட்டால் பத்து நாள் வேலையைவிட அது பெரிய குற்றமாகும். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் சமூக வலைதளக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொன்னபோது, அந்த அம்மாள் சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் பார்த்துக் கொடுத்த குறிப்போடு வியாழக்கிழமை அவன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த டிஎஸ்ஓ படித்துவிட்டு மேலதிகாரியிடம் பேசினார். இது வேலைதானா என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் காரியமில்லை, கடிதத்தை உன் கோப்பில் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். செவிஸ் பதிவு ரத்தாகவில்லை. இன்னொரு பல்கலைக்கழகம் இதையே வேறு மாதிரி பார்த்திருக்கலாம். இதை நம்பி யாரும் துணிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதையும் சொல்கிறேன்.

கம்பெனி முதலாளியிடமிருந்து கார்டு வந்து சேர்ந்தது என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவரின் அனுமதியையும் ஐ-9 படிவத்தில் சரிபார்க்கும் கடமை முதலாளிக்கு உண்டு. சேர்ந்த மூன்று வேலை நாளுக்குள். சம்பளமில்லை என்று சொல்லி அந்தப் படிவத்தையே அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மூன்றாம் நாளே விஷயம் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் ஆறாத இடம் அதுதான்.

சரியாகச் செய்தபோது

அதே கோடையில் அவன் இன்னொரு இன்டர்ன்ஷிப் செய்தான். அதற்கும் சம்பளமில்லை.

துறைப் பேராசிரியர் ஒருவர் வழியாக, அந்தக் கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறையில் தடுப்பூசிப் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் திட்டத்தில் இடம் கிடைத்தது. அரசு அலுவலகம், சம்பளமில்லை, அப்படியென்றால் சேவைதானே, சிபிடி எதற்கு என்று இந்தத் தடவை அவனே கேட்கவில்லை. இன்டர்ன்ஷிப் பாடம் ஒன்றில் பதிவு செய்தான். ஒரு கிரெடிட்டுக்குக் கட்டணம் கட்டினான். சம்பளமில்லாத வேலை செய்யக் கையிலிருந்து காசு கட்டுவது அக்காவுக்குத் தாங்கவில்லை, எனக்கும்தான். ஆனால் சிபிடிக்கு அந்த வேலை பாடத்திட்டத்தோடு பின்னியிருக்க வேண்டும்; அந்தக் கிரெடிட்தான் பின்னல். ஆஃபர் லெட்டரில் வேலை விவரம், மேற்பார்வையாளர் பெயர், முகவரி, வாரத்துக்கு 20 மணி நேரம் எல்லாம் இருந்தன. துறை ஆலோசகர் கையெழுத்துப் போட்டார். ஒன்பது நாளில் புது ஐ-20 வந்தது.

ஜூன் 24 முதல் ஆகஸ்ட் 16 வரை, பகுதி நேரம். 20 மணிக்கு மேலே போனால் முழு நேரம் என்று கணக்கு. முழு நேர சிபிடி பன்னிரண்டு மாதம் சேர்ந்துவிட்டால் அந்தப் படிப்பு முடிந்தபிறகு வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி கிடைக்காது. பகுதி நேரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்த ஐ-20யின் இரண்டாம் பக்கத்தை அவன் எனக்கு அனுப்பினான். நான் அச்செடுத்து மச்சானிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். தேதிகளை மட்டும் வாய்விட்டுப் படித்தார். "இதுதான் பர்மிட்டா?" என்றார்.

ஓபிடியில் திரும்பின கதை

2025 மேயில் படிப்பு முடிந்தது. முடிவதற்கு 90 நாள் முன்னாலிருந்து ஓபிடிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் பிப்ரவரியிலேயே ஐ-765 படிவத்தை ஆன்லைனில் போட்டான். கட்டணம் 470 டாலர். இதைக் கொடுப்பது குடியேற்றத் துறை. இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வரும். அட்டையில் இருக்கும் தேதிக்கு முன் வேலை தொடங்கக் கூடாது.

ஜூனில் ஓபிடி தொடங்கியது, கையில் வேலை இல்லை. மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் தகுதி போய்விடும். இந்த இடத்தில்தான் சம்பளமில்லாத வேலை வேறு முகம் காட்டுகிறது. முதல் பன்னிரண்டு மாத ஓபிடியில், படித்த துறையோடு தொடர்புள்ள வேலையை வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் சம்பளமில்லாமல் செய்தாலும் அது வேலை என்றே கணக்காகும், தொழிலாளர் சட்டத்தை மீறாத வரைக்கும். அப்படிச் செய்யும் நாட்கள் அந்த 90இல் சேராது. முன்வருஷம் எதை வேலை இல்லை என்று நிரூபிக்கத் தாள் சேர்த்தோமோ, இந்த வருஷம் அதேபோன்ற ஒன்றை வேலைதான் என்று நிரூபிக்கத் தாள் சேர்த்தோம். ஒரு லாப நோக்கமற்ற அமைப்பில் ஐந்து வாரம் தரவு வேலை செய்தான். வாரக் கணக்கு, மேற்பார்வையாளர் கடிதம், செவிஸ் வலைவாசலில் பதிவு எல்லாம் முதல் வாரத்திலேயே முடித்துவிட்டான். ஆகஸ்டில் சம்பளத்தோடு வேலை கிடைத்தது.

இங்கே ஒரு குழி இருப்பதையும் சொல்ல வேண்டும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு 2016 முதல் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பில் சம்பளமில்லாத வேலை அறவே கிடையாது. ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் சம்பளத்தை எழுதி முதலாளி கையெழுத்திட வேண்டும். பணியாளரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் இ-வெரிஃபை என்ற அரசுத் தளத்தில் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். முதல் வருஷம் செல்லுபடியான ஏற்பாடு அடுத்த நாளே செல்லாமல் போகும். ஒரே மாணவர், ஒரே விசா. சம்பளமில்லாத வேலைக்குப் படிக்கும்போது ஒரு விதி, ஓபிடியில் ஒரு விதி, நீட்டிப்பில் ஒரு விதி. வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் சொல்கிறவருக்கு எதிரில் இருப்பவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று தெரியாது.

இன்னும் முடியாதது

அவன் இன்னும் ஊருக்கு வரவில்லை. விசாவில் வருஷம் பாக்கி இருக்கிறது, வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எச்-1பி அமையும் வரை எல்லையைத் தாண்ட வேண்டாம் என்று அவனே முடிவெடுத்துவிட்டான். தங்கச்சி வளைகாப்பை வீடியோவில்தான் பார்த்தான். அக்கா போனைக் கையில் பிடித்து ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே கொண்டுபோனாள்.

அந்தப் பத்து நாளைப் பற்றி யாராவது படிவத்தில் கேட்டால் என்ன எழுதுவது என்று வக்கீலிடம் போன மாதம் திரும்பவும் கேட்டோம். கேள்வியின் சொற்களைப் பார்த்துத்தான் பதில், உண்மையைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது, அன்றைக்கு இந்தத் தாள்கள் எல்லாம் வேண்டும் என்றார். மே 26ஆம் தேதி மெயில், கார்டைத் திருப்பிய கடிதம், பெற்றுக்கொண்டேன் என்ற அந்த ஒரு வரி, பல்கலைக்கழகக் கோப்பில் வைத்த குறிப்பு, ஐ-20யின் இரண்டாம் பக்கம் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று என் மையத்து அலமாரியில் இருக்கிறது. இன்னொன்றை மச்சான் வாங்கிக்கொண்டுபோய், தோப்புப் பத்திரத்தின் நகல் இருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார்.